பேஸ் கிட்டாரில் கம்பி உயரமா, கரகரப்பா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

என் மேஜைக்கு வரும் பேஸ் கிட்டார்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடு வருகின்றன. “கம்பி ரொம்ப உயரமா இருக்குண்ணா, கை வலிக்குது. இறக்கினா கரகரன்னு சத்தம் வருது.” சர்ச்சில் வாசிக்கிறவர், மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர், வீட்டில் பழகுகிறவர், யாராக இருந்தாலும் முதலில் திருகிப் பார்த்திருப்பது பிரிட்ஜில் (பாடியில் கம்பிகள் மாட்டியிருக்கும் உலோகப் பகுதி) உள்ள சேடில் திருகுகளைத்தான். சேடில் என்பது ஒவ்வொரு கம்பியையும் அங்கே தாங்கும் குட்டித் துண்டு. கண்ணுக்குத் தெரிகிற திருகு அதுதான் என்பதால் அங்கே கை போகிறது. ஆனால் சேடிலுக்கு முன்னால் நெக்கைப் பார்க்க வேண்டும். நெக் சரியில்லாமல் சேடிலை எத்தனை தடவை ஏற்றி இறக்கினாலும் ஒரு பக்கம் சரியாகி இன்னொரு பக்கம் கெட்டுப்போகும்.

வரிசை இதுதான்: நெக், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு), சேடில், இன்டனேஷன் (மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சேருவது), கடைசியில் பிக்கப். கீழே உங்கள் பேஸின் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் அளவெடுக்கும் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 34 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து சேடில் வரை கம்பியின் நீளம்), போல்ட் போட்ட நெக் உள்ள நாலு கம்பி பேஸுக்கானவை. அஞ்சு கம்பிக்கும் வழி இதேதான். லோ பி கம்பிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் உயரம் விடுங்கள்.

## முதலில் அளவு எடுங்கள்

ஒரு ட்யூனர், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், டிரஸ் ராடுக்கு (நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் இரும்புத் தண்டு) பொருந்தும் ஆலன் கீ, சேடிலுக்கு ஒரு சின்ன ஆலன் கீ (பெரும்பாலும் 1.5 மி.மீ.), ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். அப்புறம் ஒரு ஃபில்லர் கேஜ். அதற்காக இசைக்கருவிக் கடைக்கு அலைய வேண்டாம். டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பெட் செட் செய்ய வைத்திருக்கும் அதே தகடுதான், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டு போதும். சாதாரண கார்டு சுமார் 0.3 மி.மீ. தடிமன் இருக்கும்.

நீங்கள் வழக்கமாக வாசிக்கும் கம்பியையே போட்டு, வழக்கமாக வாசிக்கும் ட்யூனிங்கில் வைத்து அளங்கள். பேஸை மேஜையில் படுக்க வைத்து அளக்காதீர்கள். வாசிக்கிற மாதிரி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்தால் ஹெட்ஸ்டாக்கின் (ட்யூனிங் கீகள் இருக்கும் தலைப்பகுதி) எடையே நெக்கை லேசாக வளைத்துவிடும்.

மூன்று அளவு வேண்டும்.

முதலாவது ரிலீஃப், அதாவது நெக் எவ்வளவு முன்னால் வளைந்திருக்கிறது என்பது. இ கம்பியை (நாலில் தடித்தது) முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஒரு விரலால் அழுத்துங்கள், கேப்போ (நெக்கில் மாட்டும் கவ்வி) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். நெக்கும் பாடியும் சேருமிடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையால் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்கோல். எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ரிலீஃப். 0.25 முதல் 0.35 மி.மீ. வரை இருந்தால் நல்ல நிலை. தகட்டை நுழைக்கும்போது கம்பி மேலே எழும்பக் கூடாது, தகடு தொங்கவும் கூடாது. உரசிக்கொண்டு போக வேண்டும். ஜி கம்பியிலும் (நாலில் மெல்லியது) இதையே செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும்.

இரண்டாவது, 17-வது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம். எதையும் அழுத்தாமல், ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடி வரை. இ கம்பி 2.4, ஜி கம்பி 2 மி.மீ. என்பது யாருக்கும் ஒத்துவரும் அளவு. ஃப்ரெட்டுகள் சமமாக இருந்து, வலது கையும் மென்மையாக இருந்தால் இ 2, ஜி 1.5 வரை இறக்கலாம்.

மூன்றாவது, நட் உயரம். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். ஒரு ஏ4 தாள் (0.1 மி.மீ.) நுழைகிற அளவுக்கு இடைவெளி போதும்.

மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுக்க வேண்டும். எழுதி வைக்காத அளவு பத்து நிமிஷத்தில் மறந்துபோகும். அப்புறம் பழைய நிலைக்குத் திரும்ப வழியே இருக்காது.

## கம்பி எல்லா இடத்திலும் உயரம், கை சீக்கிரம் களைக்கிறது

ரிலீஃப் 0.4 மி.மீ.-க்கு மேல் இருக்கிறது. டிரஸ் ராடை இறுக்க வேண்டும். சாவியை முழு ஆழத்துக்கு உள்ளே விட்டு, ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மில்லிமீட்டர் சாவியும் அங்குலச் சாவியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பொருந்தாததைப் போட்டுத் திருகினால் உள்முனை வழவழவென்று தேய்ந்துவிடும், அதோடு அந்த நெக்கின் கதை பெரிய செலவில்தான் முடியும். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, டிரஸ் ராடின் முனையை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகுங்கள். மறுபடி ட்யூன் செய்து மறுபடி அளங்கள். பாதிப் பேருக்கு இந்தக் கால் சுற்றிலேயே வேலை முடிந்துவிடும். மரம் முழுசாக நகர நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால் மறுநாளும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

சில பேஸ்களில் முனை ஹெட்ஸ்டாக்கில் இருக்காது, பாடி பக்கம் இருக்கும். அங்கே ஓட்டைகள் உள்ள சக்கரம் மாதிரி இருந்தால் ஒரு மெல்லிய ஆணி போன்ற கம்பியை நுழைத்துத் திருப்பலாம். பழைய பாணியில் நெக்கின் அடிமுனையில் இருந்தால் நெக்கையே கழற்ற வேண்டியிருக்கும்.

ரிலீஃப் சரி, 17-வது ஃப்ரெட்டில் மட்டும் உயரம். இப்போதுதான் சேடிலின் முறை. ஒவ்வொரு சேடிலிலும் இருக்கும் இரண்டு திருகுகளையும் சமமாக, இடப்பக்கம் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி இறக்குங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் சேடில் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் ட்யூன் செய்த பிறகே அளக்க வேண்டும். நடுவில் உள்ள ஏ, டி கம்பிகள் ஃபிங்கர்போர்டின் வளைவை ஒட்டிப் போக வேண்டுமே தவிர, நாலு சேடிலும் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது.

சேடில் அடிவரை போய்விட்டது, இன்னும் உயரம். கீழே இதற்குத் தனித் தலைப்பு இருக்கிறது.

## முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் கரகரப்பு, மேலே போனால் சுத்தம்

நெக் நேராகிவிட்டது, அல்லது பின்பக்கமாக வளைந்துவிட்டது. ரிலீஃப் அளந்தால் 0.1-க்குக் கீழே வரும், அல்லது தகடே நுழையாது.

டிரஸ் ராடைத் தொடும் முன் இரண்டு விஷயம் யோசியுங்கள். சமீபத்தில் மெல்லிய கம்பிக்கு மாறினீர்களா? பாடுகிறவருக்காக அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் செய்தீர்களா? இரண்டிலும் கம்பியின் இழுவிசை குறைகிறது, நெக் பின்னால் போகிறது. இறக்கிய ட்யூனிங்தான் இனி நிரந்தரம் என்றால் அதற்கேற்ற தடித்த கம்பி போடுங்கள். ஒரு பாட்டுக்கு மட்டும் என்றால் டிரஸ் ராடைத் தொடாதீர்கள்.

வாசித்து முடித்ததும் கம்பிகளைத் தளர்த்தி வைக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. நெக்குக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துச் செய்கிறார்கள். டிரஸ் ராட் உள்ள பேஸுக்கு இது தேவையே இல்லை. கம்பி இழுக்காதபோது டிரஸ் ராட் மட்டும் நெக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும். ட்யூனிங்கிலேயே விட்டு வையுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் டிரஸ் ராடை எதிர்த்திசையில் கால் சுற்று தளர்த்தி, ட்யூன் செய்து, அளங்கள். முழுவதும் தளர்ந்து சாவி சும்மா சுற்றுகிறது, நெக் இன்னும் பின்வளைவில் இருக்கிறது என்றால் ஒரு செட் தடித்த கம்பி போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

ஏசி ஹாலில் செட் செய்த பேஸ், கடலோர ஊரில் ஐப்பசி மழைக்காலத்தில் இன்னொரு மாதிரி நிற்கும். எந்தப் பக்கம் நகரும் என்பது மரத்துக்கு மரம் மாறுகிறது. பருவம் மாறும்போது ஒருமுறை அளந்து எழுதி வைத்தால் உங்கள் நெக்கின் குணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

## 12-வது ஃப்ரெட்டுக்கு மேலே கரகரப்பு

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இது. மேலே கரகரக்கிறது, எனவே சேடிலை ஏற்று என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். ஏற்றினால் கரகரப்பு போகும், கூடவே வாசிக்கும் சுகமும் போகும்.

ஒரு சர்ச் பேஸ் இப்படி வந்தது. 14-க்கு மேல் ஜி கம்பி கரகரக்கிறது, ஐந்தாவது ஃப்ரெட் பக்கம் வந்தால் கம்பி விரலை வெட்டுகிறது. இரண்டு புகாரும் ஒரே பேஸில். ரிலீஃப் அளந்தால் 0.8 மி.மீ. விசிட்டிங் கார்டு இரண்டு சேர்ந்து தாராளமாக உள்ளே போயிற்று. நெக் அவ்வளவு வளைந்திருந்ததால் நடுவில் கம்பி உயரமாகத் தெரிந்திருக்கிறது. அந்த உயரத்தைக் குறைக்க யாரோ சேடிலை இறக்கியிருக்கிறார்கள். நெக்கின் மேல்பாதியோ வளைவில் கம்பியை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. சேடிலும் இறங்கினால் அங்கே இடித்துத்தானே ஆக வேண்டும்? டிரஸ் ராடை இரண்டு நாளில் சிறுகச் சிறுக இறுக்கி 0.3-க்குக் கொண்டுவந்து, சேடிலைக் கொஞ்சம் ஏற்றியதும் இரண்டு புகாரும் ஒன்றாகவே போய்விட்டன. சேடில் ஏறிய பிறகும் ஐந்தாவது ஃப்ரெட்டில் கம்பி முன்னைவிடத் தாழ்வாகத்தான் இருந்தது.

ஆக, முதல் சந்தேகம் ரிலீஃப் அதிகம், சேடில் தாழ்வு என்ற ஜோடிதான். செலவில்லாத வேலை.

ரிலீஃப் சரியாக இருந்தும் மேலே கரகரத்தால், சேடில் மட்டும் தாழ்வா என்று பாருங்கள். 17-வது ஃப்ரெட்டில் 1.5-க்குக் கீழே இருந்தால் கால் சுற்று ஏற்றிப் பாருங்கள். ஏற்றும் முன் அந்தக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் திருகின் மரை தேயாது.

2.5 மி.மீ.-க்கு ஏற்றியும் கரகரப்பு போகவில்லையா? அப்படியானால் நெக்கின் கடைசிப் பகுதி தூக்கியிருக்கலாம். ரிலீஃபைச் சரிசெய்த பிறகு 12-வது ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் கம்பி ஃப்ரெட்டுகளை ஒட்டியே கிடக்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் முனை தூக்கியிருக்கிறது. டிரஸ் ராட் அந்தப் பகுதியை அசைக்காது. நெக்கின் நாலு போல்ட்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் மேல் ஃப்ரெட்டுகளை அரத்தால் இறக்க வேண்டும். அது உங்கள் வேலை இல்லை.

## ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரகரப்பு

ஆறாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் கரகரக்கிறது, ஐந்திலும் ஏழிலும் சுத்தம். இப்படியென்றால் குற்றவாளி ஆறு இல்லை, அடுத்து இருக்கும் ஏழு. அது அக்கம்பக்கத்தைவிடத் தலை தூக்கியிருக்கிறது.

பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை எடுத்து, அதன் நேரான விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகள் மேல் நிற்கும்படி வையுங்கள். மேலே ஃப்ரெட்டுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் கார்டின் குட்டைப் பக்கம் போதும். லேசாக ஆட்டிப் பாருங்கள். கார்டு ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். கம்பிக்கு நேர் கீழே வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே ஃப்ரெட் ஒரு ஓரத்தில் மட்டும் தூக்கியிருக்கும்.

அந்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறதா அல்லது உட்கார்ந்த நிலையிலேயே உயரமா? ஒரு மரக்குச்சியால் அதன் நுனியை அழுத்திக்கொண்டு கம்பியைத் தட்டச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் ஃப்ரெட் தளர்ந்திருக்கிறது. சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, காயும் வரை மரக்கட்டையால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அழுத்தியும் சத்தம் மாறவில்லை என்றால் லெவலிங் (ஃப்ரெட்டுகளை ஒரே மட்டத்துக்குத் தேய்ப்பது) வேண்டும். ஒரு ஃப்ரெட்டை மட்டும் வீட்டில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அது தாழ்ந்து, அடுத்த ஃப்ரெட்டுக்கு நோய் ஒட்டும்.

ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஏதாவது ஒரு ஸ்வரம் கரகரப்பு எதுவும் இல்லாமல், ஆனால் சட்டென்று செத்துப்போகிறதா? அது செட்டப் கோளாறு இல்லை. நெக்கின் அதிர்வு அந்த ஸ்வரத்தை விழுங்குகிறது. போல்ட் போட்ட நெக்குகளில் நிறைய இருக்கிறது. எந்தத் திருகும் அதைத் தீர்க்காது, இதற்காக ஃப்ரெட்டைத் தேய்க்க யாரையும் விடாதீர்கள்.

## அழுத்தாமல் தட்டினால் மட்டும் கரகரப்பு

முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுத்தமாக இருக்கிறது, ஓப்பனில் மட்டும் கரகரப்பு என்றால் நட் பக்கம் பாருங்கள்.

ஏ கம்பி என்றால் முதலில் ட்யூனிங் கீயில் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று கவனியுங்கள். பல பேஸ்களில் டி, ஜி கம்பிகளுக்கு மட்டும்தான் ஹெட்ஸ்டாக்கில் அழுத்திப் பிடிக்கும் கொக்கி உண்டு. ஏ கம்பிக்கு இல்லை. கம்பியை ரொம்பக் குட்டையாக வெட்டி, ஒரே சுற்றில் தூணின் தலையிலேயே நிறுத்தியிருந்தால் அது நட் மேல் அழுந்தாது, அதிரும். ஹெட்ஸ்டாக் பக்கம் அந்தக் கம்பியை விரலால் கீழே அழுத்திக்கொண்டு தட்டுங்கள். சத்தம் நின்றால் விஷயம் இதுதான். அடுத்த முறை கம்பி மாற்றும்போது, அது எந்த ட்யூனிங் கீக்குப் போகிறதோ அதைத் தாண்டி 10, 12 செ.மீ. நீளம் விட்டு வெட்டி, சுற்றுகள் மேலிருந்து கீழாக இறங்கும்படி சுற்றுங்கள்.

அதுவும் சரி என்றால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி முதல் ஃப்ரெட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் உறுதி. அவசரக் கச்சேரிக்குப் பள்ளத்தில் ஒரு துண்டு தாளை வைத்து ஓட்டலாம். நிரந்தரத் தீர்வு புது நட்.

## முதல் ஃப்ரெட்டில் அழுத்தவே முடியவில்லை

இ கம்பியில் முதல் ஃப்ரெட் கல் மாதிரி இருக்கிறது, ட்யூனரில் பார்த்தால் அந்த எஃப் ஸ்வரம் ஏறி நிற்கிறது. மேலே எல்லாம் சுகம். இது நட் உயரம். புதிதாக வாங்கிய விலை குறைந்த பேஸ்களில் இது சகஜம், பலரும் “பேஸ்ன்னாலே இப்படித்தான்” என்று பொறுத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். பொறுக்கவே வேண்டாம், ஒரு நட் வேலையில் பேஸே மாறிவிடும்.

ஆனால் ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனி அரம் வேண்டும். ஹேக்சா பிளேடால் அறுத்தால் பள்ளம் கோணலாகி, கம்பி பக்கவாட்டில் ஆடும். அதிகமாக அறுத்ததைத் திருப்பி வைக்கவும் முடியாது. கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

## சேடில் அடிமட்டத்தில், கம்பி இன்னும் உயரத்தில்

ரிலீஃப் சரியாக இருப்பதை இன்னொரு தடவை உறுதி செய்யுங்கள். அப்புறமும் உயரம் என்றால் நெக் பாடியில் உட்காரும் கோணம் போதவில்லை. நெக்கின் குழிக்குள் மெல்லிய தகடு, அதாவது ஷிம் வைக்க வேண்டும்.

கம்பிகளைத் தளர்த்தி, போல்ட்களைக் கழற்றி, குழியில் பழைய பெயிண்ட் துகளோ மரத்தூளோ இருந்தால் முதலில் துடைத்து எடுங்கள். சில நேரம் கோளாறே அந்தத் தூசிதான். ஏற்கெனவே ஒரு ஷிம் இருந்தால், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்ஜை நோக்கிய ஓரத்தில் வைத்தால்தான் கம்பி தாழும். எதிர் ஓரத்தில் இருந்தால் அதுவே உயரத்துக்குக் காரணம்.

கொஞ்சம் வைத்தாலே நிறைய மாறும். அரை மி.மீ. தகடு ஒன்றே சேடில் சுமார் 2 மி.மீ. மேலே ஏற இடம் கொடுத்துவிடும். விசிட்டிங் கார்டின் ஒரு பட்டையை வைத்து எவ்வளவு தேவை என்று சோதிக்கலாம். அளவு தெரிந்தபின், குழியின் முழு நீளத்துக்கும் சரிவாகச் சீவிய மரத்தகடு போடுவதுதான் நல்லது. ஓரத்தில் மட்டும் பட்டை இருந்தால் நடுவில் வெற்றிடம் நிற்கும், போல்ட் இறுக்கம் நாளடைவில் நெக்கின் முனையைத் தூக்கிவிடக்கூடும்.

## இறக்கிய பிறகு மேலே சுருதி சேரவில்லை

சேடில் உயரம் மாறினால் இன்டனேஷனும் மாறும். 12-வது ஃப்ரெட்டில் ஹார்மானிக்ஸையும் (அழுத்தாமல் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் நெக் பக்கம். திருகு முடிவு வரை போயும் சேராவிட்டால் கம்பி பழசு, முதலில் அதை மாற்றுங்கள்.

சேடில் சரியாக இருந்தும் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலைந்தால், அல்லது கம்பி பிக்கப்பில் இடித்தால், பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு இ கம்பிக்கு 3, ஜி கம்பிக்கு 2.5 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

## அளவெல்லாம் சரி, இன்னும் லேசாகக் கரகரக்கிறது

ஆம்ப்பில் கேட்கிறதா? பேஸைத் தனியாகத் தட்டிக் கேட்டால் எந்தத் தாழ்ந்த ஆக்‌ஷனிலும் (கம்பி உயரத்திலும்) கொஞ்சம் சத்தம் இருக்கும். ஆம்ப்பில் தெரியாத கரகரப்பை விரட்டாதீர்கள்.

ஆம்ப்பிலும் கேட்டால் வலது கையைக் கவனியுங்கள். நெக் ஓரத்தில் தட்டினால் கம்பி அகலமாக ஆடும், பிரிட்ஜ் பக்கம் தட்டினால் குறைவாக ஆடும். ஆம்ப் வால்யூமை ஏற்றி, கையை மென்மையாக்கிப் பாருங்கள். கை மாறாது, மேடையில் ஓங்கித்தான் அடிப்பேன் என்றால் அதுவும் ஒரு வாசிப்புதான், அதற்கு 2.5 மி.மீ. உயரமே சரியான அளவு. இரும்புப் பொருள் அதிர்கிற மாதிரி சத்தம் வந்தால் ட்யூனிங் கீயின் வளையம், சேடிலின் ஸ்பிரிங், தளர்ந்த உயரத் திருகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விரலால் பிடித்துக்கொண்டு தட்டிப் பாருங்கள்.

## எப்போது கொடுத்துச் செய்ய வேண்டும்

டிரஸ் ராட் சாதாரண பலத்துக்குத் திரும்பவில்லை, அல்லது திருப்பும்போது ‘கிரீச்’ என்கிறது, அல்லது சாவி வழுக்குகிறது: அங்கேயே நிறுத்துங்கள். இ பக்கம் 0.5, ஜி பக்கம் 0.1 என்று ரிலீஃப் ரொம்ப வித்தியாசப்பட்டால் நெக் முறுக்கியிருக்கிறது, வீட்டில் தீராது. கார்டு மூன்று நாலு இடங்களில் ஆடினால் மொத்த லெவலிங் வேண்டும். அது சாதாரண செட்டப்பைவிட நல்ல செலவு. ஃப்ரெட்டுகளில் கம்பி பதிந்த பள்ளம் ஆழமாக இருந்தால் ரீஃப்ரெட் (ஃப்ரெட்டுகளையே மாற்றுவது) வரை போகும், விலை குறைந்த பேஸில் அதைவிடப் புது நெக் மலிவாக இருக்கலாம். முன்கூட்டியே விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும்போது “ஆக்‌ஷனை இறக்குங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுதி வைத்த மூன்று அளவு, எந்தக் கம்பி, எந்த ட்யூனிங், விரலால் வாசிக்கிறீர்களா பிக்கால் வாசிக்கிறீர்களா ஸ்லாப் அடிக்கிறீர்களா, கரகரக்கும் ஃப்ரெட் எது, இவ்வளவையும் சொல்லுங்கள். அவர் முன்னாலேயே நீங்கள் வழக்கமாக அடிக்கிற பலத்தில் இரண்டு நிமிஷம் வாசித்தும் காட்டுங்கள்.